அம்மாவின்ர போத்தல் அடுப்பும் ஓட்டை வைச்ச மரத்தூள் கட்டையும்

நல்லூர்த் தேர், தீர்த்தம் எல்லாம் முடிஞ்சு வீட்டில திரும்ப மச்சச் சட்டி இறக்கின கிழமை அது. தம்பி குடும்பம் கனடாவில இருந்து வந்து நிண்டவை, 25 நாளும் மரக்கறியோட இருந்த பிள்ளையள் ரெண்டும் "மாமி, பாபிகியூ போடுவமா" எண்டு என்ர பின்னாலயே திரிஞ்சதுகள். தம்பி கரி எங்க வாங்கலாம் எண்டு கேட்டான். கரி ஏன், கொட்டிலுக்குள்ள ஒரு உரபாக் நிறைய மரத்தூள் பிரிக்கெட் கிடக்குது எண்டு நான் சொன்னன். "பிரிக்கெட் இருந்தாப் பிறகென்ன அக்கா" எண்டுபோட்டு அவன் சந்தோசமாப் போய்க் கோழிக்குத் தூள் பிரட்டத் தொடங்கிட்டான். அந்த ஒரு சொல்லுக்கு அவன் ஒரு சாமானையும் நான் இன்னொரு சாமானையும் நினைச்சிருக்கிறம் எண்டது அப்ப எனக்கு விளங்கேல்லை, பின்னேரம்தான் விளங்கிச்சுது. அதைப் பிறகு சொல்லுறன், முதல்ல மரத்தூளை அமத்தி விறகுக்குப் பதிலாச் செய்யிற இந்தக் கட்டை என்ன சாமான் எண்டு சொல்ல வேணும், ஏனெண்டா குசினிக்குள்ள வாற ஆக்கள் எல்லாம் இதைத் தூக்கித் தூக்கிப் பாத்துக் கேக்கினம்.

நான் வாங்கிறது ஒரு அடி நீளம் வரும், மணிக்கட்டைவிடக் கொஞ்சம் மொத்தம், ஆறு மூலை, வெளித்தோல் கருகின மாதிரி கடும் மண்ணிறத்தில மினுமினுப்பா இருக்கும். நடுவில நேரா ஒரு ஓட்டை, பெருவிரல் போகும். கையில தூக்கினா அந்த அளவு விறகுத்துண்டைவிட நல்ல பாரம், தண்ணி வாளிக்குள்ள போட்டா மிதக்காது, தாழும். (ஆனா அப்பிடிப் போட்டுப் பாக்காதேங்கோ, ஏன் எண்டு கீழ வரும்.)

அந்த ஓட்டையைப் பாத்த முதல் நாளே எனக்கு அம்மாவின்ர மரத்தூள் அடுப்புத்தான் ஞாபகம் வந்தது. 1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கின பிறகு இங்க யாழ்ப்பாணத்தில கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி எண்டு ஒண்டும் ஒழுங்கா வராது, வந்த மண்ணெண்ணெயையும் ஜாம் போத்தல் விளக்குக்கெண்டு சொட்டுச் சொட்டா வைச்சிருந்தம், அடுப்புக்கு ஊத்திறதை நினைச்சும் பாக்கேலாது. விறகுகாலையில விறகு வாங்கிறதும் லேசான காரியமில்லை. வளவுக்குள்ள விழுந்த காவோலை, கங்குமட்டை, பன்னாடை, பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் பொறுக்கி எரிச்சு முடிய, அம்மா என்னையும் ஏத்திக்கொண்டு கொக்குவில் பக்கம் இருந்த ஒரு மரக்காலைக்கு சைக்கிள்ள போவா. அங்க வாளுக்குக் கீழ மலை மாதிரித் தூள் குவிஞ்சு கிடக்கும். உரபாக் ரெண்டில அடைஞ்சு கரியர்ல கட்டினா அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவா, நான் பின்னால பாக்கைப் பிடிச்சுக்கொண்டு நடப்பன்.

அடுப்பு எண்டு பாத்தா ஒரு பெரிய பெயின்ற் ரின்தான். அடிப்பக்கமா ஒரு ஓட்டை வெட்டியிருக்கும். நடுவில ஒரு போத்தலை நிமித்தி வைச்சு, பக்க ஓட்டைக்குள்ளால ஒரு உருண்டைத் தடியைப் போத்தலில முட்டும் வரைக்கும் தள்ளிப்போட்டு, சுத்திவரத் தூளைப் போட்டு இடிச்சு இறுக்கிறது. இடிக்கிற வேலை என்ர. அரைவாசி நிரம்பினாப் பிறகு திரும்ப இடி, பிறகு கொஞ்சம் தூள், திரும்ப இடி. வடிவா இறுக்கினாப் பிறகு அம்மா போத்தலைத் திருகித் திருகி மேலால உருவி எடுப்பா, அதை மட்டும் எங்களைச் செய்ய விடமாட்டா, கை நடுங்கினாத் தூள் இடிஞ்சு விழுந்திடும். தடியையும் இழுத்தாப் பிறகு உள்ளுக்கு ஒரு கிணறும் கிணத்தடியில இருந்து வெளியால ஒரு சுரங்கமும் மிச்சம். சுரங்க வாசல்ல பேப்பரைக் கொளுத்தி வைச்சா நெருப்பு உள்ளுக்குப் போய் கிணத்தால மேல ஏறும், அதுக்குப் பிறகு ஊதுகுழல் எடுக்கத் தேவையில்லை. சோறு இறக்கி, பருப்பு இறக்கி, ஒரு குழம்பும் வைச்சு, கடைசியாத் தங்கச்சிக்கு வாக்கச் சுடுதண்ணியும் வைக்கலாம், மூண்டு நாலு மணித்தியாலம் ஒரே சீரா நிண்டு எரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரோட இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடக்கேக்க அந்த ரின் கோடிப்பக்கம் கிடந்த இடத்திலயே விட்டிட்டுப் போனம், திரும்பி வந்து பாக்கக் காணேல்லை.

இப்ப அம்மாவுக்கு வயசு போட்டுது, கண்ணும் கொஞ்சம் மங்கல். முதல் தரம் இந்தக் கட்டையைக் கொண்டுவந்து அவவின்ர கையில குடுத்தன். தடவிப் பாத்தா, ஓட்டைக்குள்ள விரலை விட்டா, பிறகு கேட்டா, "உதுக்கு என்ன போத்தலை வைச்சவை?" எண்டு.

சரியான கேள்வி. போத்தல் இல்லை, திருகாணி. தூளைக் காயவைச்சு ஒரு பெரிய திருகு மெசினுக்குள்ள போட, திருகு அதை முன்னால இருக்கிற சூடான குழாய்க்குள்ள தள்ளும், குழாய்ச் சூடு 250, 300 பாகை வரைக்கும் இருக்கும். திருகின்ர தண்டு நடுவில நிக்கிற இடம்தான் ஓட்டையா வாறது, உள்ளுக்குக் கிளம்புற நீராவியும் அதுக்குள்ளால வெளியேறும். அடுப்பில வைச்சா அந்த ஓட்டை அம்மாவின்ர கிணறு செய்த அதே வேலையைச் செய்யுது, காத்து உள்ளுக்குள்ளால இழுபட்டு உட்சுவரில நெருப்புப் பிடிச்சு உள்ளயிருந்தும் எரியும், வெளியில இருந்தும் எரியும். இந்தத் திருகு மெசின் முறை ஜப்பான்காரர் வளத்தெடுத்தது, அவை இந்தக் கட்டையை ஓகாலைட் எண்டுவினம், அதைத் திரும்பக் கரியாக்கினா ஓகாதான், அங்க கோழி சுடுற கடையளில அதுதான் கனக்கப் பாவிக்கிறது. வேற மாதிரி மெசினும் இருக்குது, உலக்கை குத்திற மாதிரிக் குத்தி அமத்துறது, அதில வாற கட்டைக்கு ஓட்டை இருக்காது, வட்ட வட்டமா உடையும். எனக்கு ஓட்டைக் கட்டைதான் விருப்பம், கெதியாப் பிடிக்கும்.

பசை என்ன போடினம் எண்டு கனபேர் பயந்து கேக்கினம். நல்ல கட்டைக்குப் பசையே தேவையில்லை. மரத்தில ஏறக்குறைய கால்வாசி லிக்னின் எண்ட சாமான் இருக்குது, மரத்துக்கு விறைப்புக் குடுக்கிறது அதுதான். சூட்டில அது இளகும், அமத்தத்தில தூளோட தூள் ஒட்டும், ஆறினாப் பிறகு இறுகிடும். ஆக மரத்தின்ர சொந்தப் பசைதான். ஒரே ஒரு நிபந்தனை, தூள் காஞ்சிருக்க வேணும், ஈரம் நூற்றுக்கு 10, 12 க்கு மேல போகக்கூடாது, கூடினா உள்ளுக்கு நீராவி அடைபட்டு கட்டை வெடிச்சுப் பிளந்து வரும்.

அந்தக் காஞ்ச தன்மையிலதான் இதின்ர முழுப் பெறுமதியும் இருக்குது எண்டு நான் நினைக்கிறன். பச்சையா வெட்டின மரத்தில பாரத்தில பாதி தண்ணி. நீங்கள் காசு குடுத்து வாங்கின விறகு முதல்ல தன்ர தண்ணியைக் கொதிக்க வைச்சு முடிச்சுத்தான் உங்கட சட்டியைக் கொதிக்க வைக்கும், அதுக்கிடையில குசினி முழுக்கப் புகை, கண் எரிவு. காஞ்ச கட்டை ஒரு கிலோவில 17, 18 மெகாஜூல் சூடு இருக்குது, ஈர விறகில அதில பாதிகூடத் தேறாது. கரியில 28, 30 எண்டு கூடத்தான், ஆனா ஒரு கிலோ கரி எடுக்கக் குழிச்சூளையில அஞ்சு ஆறு கிலோ விறகு போயிடும் எண்டதையும் யோசிக்க வேணும். காஸோட ஒப்பிட்டா, ஒரு 12.5 கிலோ சிலிண்டருக்குள்ள இருக்கிற சூடு கணக்குக்கு 32 கிலோ கட்டைக்குச் சமன், ஆனா விறகடுப்பில கனக்கச் சூடு பக்கத்தால போறதால உண்மையில அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வேணும். இதைச் சொல்லாமல் "காஸே தேவையில்லை" எண்டு சொல்லுறது சரியில்லை.

நான் இதுக்கு வந்தது 2022 இல. 2021 ஒக்டோபருக்கு முன்னம் 1,493 ரூபாவுக்கு வாங்கின 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ஆகி, 2022 சித்திரையில 4,860 ஆச்சுது, அந்தக் காசை வைச்சுக்கொண்டு நிண்டாலும் சிலிண்டர் இல்லை, விடியப்புறம் வெறும் சிலிண்டரைக் கொண்டுபோய் வரிசையில வைச்சிட்டு வெயில்ல நிண்டதை ஒருத்தரும் மறந்திருக்கமாட்டியள். மண்ணெண்ணெய் அந்த ஆவணியில 87 இல இருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சல், கடலுக்குப் போற ஆக்களை அது சரியா அடிச்சுது. அப்பதான் குசினிக்குப் பின்னால சாமான் போட்டு வைச்சிருந்த பழைய அடுப்பைத் துப்பரவாக்கி, புகைக்கூட்டையும் அடைஞ்சு கிடந்த ஒட்டறை எல்லாம் தட்டித் திரும்ப மூட்டினனான். விறகு வாங்கப் போன இடத்தில ஒரு ஐயா இந்தக் கட்டையைக் காட்டினார். "பிள்ளை, இதைக் கொண்டுபோய் எரிச்சுப் பாருங்கோ, சரியில்லையெண்டாத் திருப்பித் தாங்கோ" எண்டார். திருப்பிக் குடுக்கேல்லை.

இப்ப காஸ் கிடைக்குது, காலமைத் தேத்தண்ணி, அவசர அலுவல் எல்லாம் காஸில. பிட்டு, குத்தரிசிச் சோறு, கூழ், மாட்டுக்குத் தவிடு அவிக்கிறது, சுடுதண்ணி எல்லாம் கட்டையில. பழகினதில ரெண்டு மூண்டு விசயம் சொல்லுறன். முழுக்கட்டையை அப்பிடியே தள்ளாதேங்கோ, படிக்கல்லில தட்டினா விரும்பின இடத்தில உடையும், மூண்டு துண்டாக்கி ஒண்டோட ஒண்டு சாச்சு இடைவெளி விட்டு வையுங்கோ, கீழ ஒரு பன்னாடைத் துண்டும் ரெண்டு சிரட்டையும் காணும். எரியேக்க இது ஊதிப் பெருக்கும், அதால அடுப்பை நிறைச்சு அடையக்கூடாது, அடைஞ்சாக் காத்து இல்லாமல் புகைக்கத் தொடங்கும். பிடிச்சாப் பிறகு குத்திக் கிளறாதேங்கோ, விறகைக் கிளறினா எரியும், இது கிளறினாத் தூளா உதிர்ந்து தணல் செத்துப்போகும், அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு மாசம் எடுத்தது. நெருப்பைக் குறைக்க வேணுமெண்டா ஒரு துண்டைக் கொறட்டால பிடிச்சு வெளியில எடுத்து மணலுக்குள்ள வையுங்கோ, தண்ணி ஊத்தினா அது பிறகு கட்டை இல்லை, களி.

புகை இல்லை எண்டு விக்கிற ஆக்கள் சொல்லுவினம். அது முழு உண்மையில்லை. மூட்டி முதல் பத்து நிமிசம் புகைக்கும், பிறகு காஞ்ச பாலை விறகு எரியிற அளவு, நல்லாக் குறைவு, ஆனா இருக்குது. வீட்டுக்குள்ள எரிக்கிற அடுப்புப் புகையால 2020 இல உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்குது, அதில பிள்ளையளும் சேர்த்தி. அம்மாவின்ர இருமலை 30 வருசமாக் கேட்டுக்கொண்டு இருக்கிறவள் நான், அதால புகைக்கூடு இல்லாத குசினிக்குள்ள, கட்டில் போட்ட அறைக்குள்ள, யன்னல் பூட்டின வீட்டுக்குள்ள இதை வைச்சு மூட்டவேண்டாம் எண்டுதான் சொல்லுவன். தணல் சட்டியை மாரிக்குளிருக்கு அறைக்குள்ள வைக்கிறது அதைவிடப் பொல்லாதது. புகை தெரியாது, மணம் தெரியாது, காபனோரொட்சைட்டு நித்திரையிலயே ஆளைக் கொண்டு போயிடும்.

மாரி எண்டு சொல்லேக்கதான் வருது. முதல் வருசம் ஒரு பாக் கட்டையைக் கொட்டில் மூலையில நிலத்தில வைச்சனான், சீமெந்து நிலம்தானே எண்டு நினைச்சு. கார்த்திகை அடைமழைக்கு நிலம் ஓதம் ஏறி, போய்ப் பாத்தா பாக் வெடிச்சு நிக்குது, உள்ளுக்குக் கட்டையைக் காணேல்லை, ஈரத்தூள்தான். அம்மா அதைக் கண்டிட்டு ஒண்டும் சொல்லேல்லை, அள்ளிக் காயவைக்கச் சொன்னா. மெசின் அவ்வளவு அமத்தத்தில சேத்ததைத் தண்ணி ரெண்டு நாளில பிரிச்சுப்போடும். இப்ப நாலு செங்கல்லுக்கு மேல பலகை போட்டு, பொலித்தீனால சுத்தி, சுவரில முட்டாமல் வைக்கிறன். ஐப்பசிக்கு முன்னம் வாங்கி அடுக்கிப்போட வேணும், வாடைக்காத்துத் தொடங்கினாப் பிறகு வாங்கினா லொறியிலயே நனைஞ்சு வரும்.

சரி, பாபிகியூவுக்கு வாறன்.

தம்பிக்குப் பிரிக்கெட் எண்டாக் கனடாவில கடையளில வாற தலையணி மாதிரிக் குட்டிக் கறுப்புக் கட்டை. அது கரி. மொடல் ரி காருக்கு மரச்சாமான் அறுக்கேக்க மிஞ்சின கழிவு மரத்தை ஹென்றி போர்ட்டின்ர கொம்பனி 1920களில கரியாக்கித் தூளாக்கி மாப்பசையால ஒட்டி அமத்தி வித்தது, இண்டைக்கு கிங்ஸ்ஃபோர்ட் எண்ட பேரில வாறது அந்த வழியில வந்ததுதான். அது ஏற்கெனவே ஒருக்கா எரிஞ்ச சாமான், புகையும் சுவாலையும் சூளையிலயே போயிட்டுது. என்ர கட்டை கரியாக்காத வெறும் மரம். அதுக்குள்ள இருக்கிற வாயு எல்லாம் இனித்தான் எரிய வேணும்.

இது தெரியாமல் தம்பி அரைப் பரலுக்குள்ள கட்டையை நிறைச்சு, நெருப்புப் பிடிச்சு 15 நிமிசத்தில கம்பியை வைச்சுக் கோழியை அடுக்கிட்டான். நான் குசினிக்குள்ள சம்பல் இடிச்சுக்கொண்டு நிண்டனான். சுவாலை கம்பிக்கு மேலால எழும்பி, வறுத்த மிளகாய்த்தூள் கருகிற மணம் முத்தம் முழுக்க, கோழித்துண்டு வெளியில கரிக்கட்டை உள்ளுக்கு ரத்தம். அதுக்கு மேல மெல்லிய எண்ணெய் மாதிரி ஒரு கறுப்புப் படிஞ்சிருந்தது, பெரியவன் ஒரு வாய் வைச்சிட்டுக் கசக்குது எண்டு துப்பிட்டான். அண்டைக்கு இரவு எல்லாரும் பாணும் சம்பலும். சமைக்க வைச்ச இறைச்சியை எறிய வேண்டி வந்தது எனக்கு ரெண்டு நாளாக் கவலை, விலை அப்பிடி.

மூண்டாம் நாள் நான் நிண்டு செய்தன். காலமையே பாசையூர் போய் விளைமீன் நாலும், ஒரு கிலோ கணவாயும் எடுத்து வந்தது. பின்னேரம் அஞ்சு மணிக்கே கட்டையைச் சின்னத் துண்டா உடைச்சு, பரலின்ர ஒரு பக்கம் மட்டும் குவிச்சு, காவோலையாலயும் சிரட்டையாலயும் மூட்டினன். மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் விடேல்லை, அது மீனில மணக்கும். சுவாலை அடங்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது, பிள்ளையள் சுத்திச் சுத்தி "இப்ப வைக்கலாமா மாமி" எண்டு கேட்டுக்கொண்டு. இல்லை. மஞ்சள் சுவாலை முழுக்கப் போய், துண்டெல்லாம் சிவந்து மேல வெள்ளைச் சாம்பல் பூக்க வேணும், புகை நிக்க வேணும். அந்த நேரம் கம்பி உயரத்தில உள்ளங்கையைப் பிடிச்சு எண்ணினா நாலு அஞ்சு எண்ணும்வரை பொறுக்கேலும், அதுதான் மீனுக்குச் சூடு. ரெண்டு எண்ணுறதுக்குள்ள கை இழுபட்டா இன்னும் பொறுங்கோ.

மரத்தூள் தணலுக்கு ஒரு குறை இருக்குது, கரித்தணல் மாதிரிக் கன நேரம் நிக்காது, அரை மணித்தியாலம் நல்ல சூடு தந்திட்டு இறங்கும். அதால நான் அதே நெருப்பின்ர மற்றப் பக்கம் அடுத்த கூட்டத்தை எரியவிட்டு, தணலானாப் பிறகு அகப்பையால தள்ளித் தள்ளிக் கம்பிக்குக் கீழ கொண்டுவந்தன். கூடவே ரெண்டு கை சிரட்டைக்கரியும் போட்டன். முந்தி அம்மம்மா வீட்டில ஊமல்கரி (பனங்கொட்டைக் கோதுக் கரி) எடுத்து வைச்சிருப்பினம், பல்லு விளக்க, அது இருந்தா அதுவும் நல்லா நிக்கும்.

விளைமீனுக்குக் கோடு கீறி உப்பு, மஞ்சள், உள்ளி, எங்கட வறுத்த தூள், தேசிக்காய்ப்புளி பிரட்டி வாழையிலையில சுத்தி வைச்சது. கணவாய் இலை இல்லாமல் நேரா, பக்கத்துக்கு ரெண்டு நிமிசம், அதுக்கு மேல போனா ரப்பர். கடைசியாக் கோழி, தணல் கொஞ்சம் இறங்கினாப் பிறகு, மூடி வைச்சு ஆறுதலா. தம்பி கொண்டுவந்த சூடு பாக்கிற கம்பியைத் தொடைக்குள்ள குத்தி 74 பாகை வந்தாப் பிறகுதான் இறக்கினம். அந்த மீனின்ர மணத்தைப் பற்றி எழுத வெளிக்கிட்டா இந்தப் பதிவு முடியாது. கரியில சுட்டதில இல்லாத ஒரு மரப்புகை வாசம், மெல்லிசா, இலை கருகின வாசத்தோட சேந்து. சின்னவள் விளைமீன்ர தலையைத் தனியாச் சாப்பிட்டாள், கனடாவில மீன் எண்டா முகத்தைத் திருப்பிற பிள்ளை.

இனி நான் உண்மையாக் கவலைப்படுற விசயம். என்ன மரத்தூள் எண்டு கேளுங்கோ. கேக்காமல் வாங்கின கட்டையைச் சாப்பாட்டுக்குப் பாவிக்காதேங்கோ. முந்தி மரக்காலைத் தூள் எண்டா முதிரை, பாலை, வேம்பு, தேக்கு, பூவரசு, அவ்வளவும் மரம். இப்ப தளபாடம் செய்யிற இடங்களில அரைவாசி எம்டிஎஃப், பிளைவூட் எண்ட ஒட்டுப்பலகையள். அதுகளை ஒட்டியிருக்கிற பசையில போமல்டிகைட்டு எண்ட நச்சுப்பொருள் இருக்குது. அந்தத் தூளும் வாளுக்குக் கீழ விழுந்து இதே குவியலுக்குள்ளதான் சேருது. பெயின்ற் அடிச்ச, வார்னிஸ் அடிச்ச பலகை அரத்தின தூளும் அப்பிடித்தான். கறையானுக்கும் உக்கலுக்கும் மருந்தேத்தின மரம் அதைவிட மோசம், ஒருவகை மருந்தில செம்பு, குரோமியம், ஆசனிக் மூண்டும் இருக்குது, எரிச்சா ஆசனிக் நஞ்சு சாம்பலிலயும் புகையிலயும் வரும். சுடுதண்ணிக்குக்கூட அதை எரிக்கப்படாது. நான் வாங்கிற ஐயாவிட்டை நேர கேட்டன், அவர் ஒளிக்காமல் சொன்னார், "பிள்ளை, எங்களுக்கு மூண்டு நாலு இடத்தில இருந்து தூள் வருது, எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கேலாது" எண்டு. அதுக்குப் பிறகு சுடுற அலுவலுக்கு மட்டும் மரம் அறுக்கிற இடத்துத் தூளில செய்த கட்டையைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன், கொஞ்சம் கூடக் குடுக்கிறன், அவரும் செய்து தாறார். கட்டையை உடைச்சு மணந்து பாருங்கோ, மரம் மணக்க வேணும். பசை மணம், பெயின்ற் மணம், உள்ளுக்குப் பளபளப்பா வேற நிறத்தில துணிக்கை தெரிஞ்சா வேண்டாம்.

வீட்டில செய்யலாமோ எண்டு கேட்டா, செய்யலாம், ஆனா அது வேற சாமான். நானும் இவரும் செய்து பாத்தம். தூளையும் பழைய பேப்பரையும் மூண்டு நாள் ஊறப்போட்டு, பிசைஞ்சு, சோத்துக்கஞ்சி கொஞ்சம் விட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாய்க்குள்ள அடைஞ்சு தடியால அமத்தித் தண்ணியைப் பிழிஞ்சு எடுத்தது. பங்குனி வெயில்ல எட்டு நாள் காஞ்சது. கையமத்தத்தில அந்த அளவுதான் இறுகும், பாரம் இல்லை, கெதியா எரிஞ்சு முடியும், சூடும் மெது. ஆனாலும் தேத்தண்ணி ரெண்டு தரம் வைக்கக் காணும், சும்மா எறியிற தூளில எடுத்ததுதானே. உமியில செய்தவையின்ர கட்டையும் பாத்தனான், நல்லா எரியுது, சாம்பல்தான் கனக்க, உமியில அஞ்சில ஒரு பங்குக்குக் கிட்டச் சாம்பலாவே நிக்கும். மரத்தில ஒரு வீதம் அளவுதான் வரும். எது செய்தாலும் மூக்கை வாயைக் கட்டிக்கொண்டு செய்யுங்கோ, மரத்தூள் சுவாசிக்கிறதைப் புற்றுநோய் தாற காரணியளின்ர முதல் வகைக்குள்ள உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி ஆக்கள் 1995 இலயே சேத்திட்டினம். மரக்காலையில நிக்கிற பெடியள் வெறும் முகத்தோட நிக்கிறதைப் பாக்க எனக்கு மனம் பொறுக்குதில்லை, போற நேரமெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் வாறன்.

சாம்பலை வாழைக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் போடுறன், ஆனா அளவா. எங்கட செம்மண் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்கிற மண், கிணத்துத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணி, சாம்பலும் காரம், கூடினா இலை மஞ்சளடிக்கும். மிச்சம் சட்டி பானை தேய்க்க.

புரட்டாதி முடியிறதுக்குள்ள அடுத்த பத்துப் பாக் வருது, செங்கல்லும் பலகையும் போட்டாச்சு. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கத்தில எம்டிஎஃப் தூளையும் மரத்தூளையும் வேற வேறயாப் பிரிச்சு வைக்கிற மரக்காலை ஒண்டு உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்கோ. ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க நான் ஆயத்தம்.